சேலை இறங்கியது, ஆள் இறங்கவில்லை

பிப்ரவரி 3, திங்கள்

ரபீக் மாஸ்டர் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். என்ன தூக்கினேன், எங்கே வலித்தது, இரண்டும் போதுமாம். உரக்கடையில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. நான் படித்தது நாலாங்கிளாஸ். "இதுக்கு எழுத்து வராது, எருமை மேய்க்க அனுப்புங்க" என்று சொல்லி என் சிலேட்டைப் பிடுங்கிய வாத்தியார் செத்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இருந்தாலும் சொன்னது சொன்னதுதான். இருக்கிற இடத்திலிருந்து இதைப் படித்துக்கொள்ளட்டும்.

எழுபத்தோரு வயதில் ஜிம்முக்கு எதற்குப் போகிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். தை மாதம் ஒரு நாள் குளியலறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தெய்வாத்தாள் விழுந்துவிட்டாள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். நான் விழவில்லை. உட்கார்ந்தேன். எழுந்திருக்கச் சௌகரியப்படவில்லை, அவ்வளவுதான். மற்ற சங்கதியை எழுதப் போவதில்லை. பால்காரன் ஈசுவரனிடம் மட்டும் மறுநாளே பாலை நிறுத்திவிட்டேன். வரக்காப்பிதான் குடிக்கிறேன்.

சேதி கேட்டு என் மகன் கந்தவேல் ஓசூரிலிருந்து ஓடி வந்தான்.

"ஏம்மா, ஒத்தையில இருந்தது போதும். வீட்டப் பூட்டீட்டு எங்கூட வாங்க."

"ஒம்பதாவது மாடிக்கா?"

"லிஃப்ட் இருக்குதும்மா."

"லிஃப்ட் இருக்குது. உம்பட பக்கத்து வீட்டுக்காரன் பேரு என்ன, சொல்லு பாக்கலாம்."

அவனுக்குத் தெரியவில்லை. ஏழு வருடமாக அங்கே குடியிருக்கிறான். பெயர் தெரியாதவர்களோடு நான் எப்படிச் சண்டை போடுவது?

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். ஆகஸ்டுக்குள் நான் எதையும் பிடிக்காமல் கீழே உட்கார்ந்து எழுந்து காட்ட வேண்டும். காட்டினால் இங்கே பொள்ளாச்சியிலேயே. காட்டாவிட்டால் ஓசூர். எலும்பு டாக்டர் தொடையில் பலமே இல்லை என்றார். இரண்டு தெரு தள்ளி, பழைய தேங்காய்க் குடோனில் ரபீக் மாஸ்டர் ஜிம் நடத்துகிறார். பத்து மணிக்கு மேல் பொம்பளைகள் நேரம். பொம்பளைகள் என்றால் நான் ஒருத்திதான்.

பிப்ரவரி 10, திங்கள்

கம்பி இன்னும் கையில் கொடுக்கவில்லை. தண்ணீர்க் குழாய் வெட்டின பிளாஸ்டிக் துண்டைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழச் சொல்கிறார்.

"பெரீம்மா, கால் வெரலைக் கொஞ்சம் வெளிய திருப்புங்க. குதிங்கால் தூக்கக் கூடாது. நெஞ்ச நிமித்துங்க. குண்டியப் பின்னால தள்ளி உக்காருங்க."

எந்த வார்த்தையை யாரிடம் சொல்கிறோம் என்றே இந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியவில்லை. முறைத்தேன். அதற்கப்புறம் "பின்னால" என்று மட்டும் சொல்கிறார்.

பிப்ரவரி 12, புதன்

தொடை வலி. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. இதைச் சரிசெய்யத்தானே அங்கே போனேன்?

மார்ச் 3, திங்கள்

முக்காலி போய் அதைவிடக் குட்டையான பலகை வந்தது. இன்றைக்கு நிஜக் கம்பி. வெறும் கம்பியே இருபது கிலோ. கழுத்து எலும்பில் படாமல் அதற்குக் கீழே, முதுகுச் சதையில் வைக்க வேண்டுமாம். நான் விவரமாக வீட்டிலிருந்து பழைய துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக்கொண்டு போயிருந்தேன். எத்தனை புல்லுக்கட்டு சுமந்த சும்மாடு!

"பெரீம்மா, இது எதுக்கு?"

"சொமைக்கு."

"கம்பி வழுக்கும்மா. வெறும் முதுகுல பட்டாத்தான் புடிக்கும்."

சும்மாட்டை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டார். இதையும் மனதில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

ஜிம்முக்குள் நுழைந்தால் மயிலாத்தாள் நிற்கிறாள்.

மயிலாத்தாள் என் கொழுந்தனார் பெண்டாட்டி. என்னைவிட ஐந்து வயது சின்னவள். மாமனார் கட்டின வீட்டை 1993இல் நடுவே சுவர் வைத்துப் பிரித்தார்கள். கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி அவளுக்கு. ஆண்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சுவர் இருக்கிறது. என் குளியலறைக்கும் அவள் குளியலறைக்கும் அதே சுவர்தான். இந்தப் பக்கம் சொம்பு விழுந்தால் அந்தப் பக்கம் கேட்கும்.

அவளோடு எனக்கு முப்பத்திரண்டு வருடமாகப் பேச்சில்லை. மாமியாரின் பதினாறாம் நாள் காரியத்தில் நான் பந்தியில் உட்கார்ந்தபோது, சாம்பார் வாளியோடு நின்றுகொண்டு சொன்னாள்: "அக்கா உக்காந்தா ஆனை உக்காந்தாப்ல. எந்திரிக்கோணும்னா ரெண்டு ஆளு வேணும்." பந்தியே சிரித்தது. யார் யார் சிரித்தார்கள் என்று இப்போதும் வரிசையாகச் சொல்லுவேன். பாதிப் பேருக்கு மேல் செத்துவிட்டார்கள். பாக்கிப் பேரைக் கல்யாணங்களில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

பேச்சில்லை என்றால் சத்தமில்லை என்று அர்த்தமில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்லுவோம். "இந்தச் சுவத்துக்குச் சொல்றேன், தண்ணி வந்திருச்சு" என்றால் அந்தப் பக்கம் குடம் உருளும். சுவருக்கு இருக்கிற பொறுமை எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

நான் எது செய்தாலும் அவள் காப்பி அடிப்பாள். நான் கிரைண்டர் வாங்கினேன், வாங்கினாள். நான் மூக்குத்தியை மாற்றினேன், மாற்றினாள். இப்போது ஜிம். ஆனால் ஒன்று. உட்கார்ந்து எழுகிற பாடமே அவளுக்கு வேண்டாமாம்.

"மாஸ்டருங், கீழ கெடக்கறதத் தூக்கி நிமித்தறது இருக்குதுங்கல்ல? அது மட்டும் சொல்லிக் குடுங்க. வேறெதுவும் எனக்கு வேண்டாமுங்."

டெட்லிஃப்ட் என்று அதற்குப் பேர். தேங்காய்க் களத்தில் மூட்டை தூக்கிப் பழகின உடம்பு. அதிலாவது ஜெயிக்கலாம் என்று பார்க்கிறாள் போலிருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

இன்றைக்கு மானம் போயிற்று.

கம்பியில் எடை ஏறினால் பின்னால் ஒரு ஆள் நிற்க வேண்டுமாம். ஆள் உட்கார்ந்து எழ முடியாமல் போனால் அக்குளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கிவிடுவதற்கு. எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. நான் பாட்டுக்கு மூச்சை இழுத்து வயிற்றில் நிறுத்திக்கொண்டு இறங்கினால், இரண்டு பக்கமும் கை வருகிறது.

"அக்கட்டால போடா!"

குடோனே அதிர்ந்தது. ரபீக் மாஸ்டர் தண்ணீர்க் குடம் வரைக்கும் தாவி நின்றார்.

"பெரீம்மா, நான் உங்க மகன் மாதிரி!"

"எம்மட மகனையே அங்க நிக்க உட மாட்டேன்!"

என் வீட்டுக்காரர் நாற்பத்தொரு வருடம் குடித்தனம் நடத்தினார். அவரே என் பின்னால் அவ்வளவு கிட்டத்தில் நின்றதில்லை.

ஆண் நிற்கக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். ஆள் நிற்காமல் எடை ஏற்ற முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். பொம்பளைகள் நேரத்தில் இருப்பதே இரண்டு பேர். மாஸ்டர் மெதுவாக மூலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் அந்தத் திசையையே பார்க்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

நிற்கட்டும். ஆனால் பேசக் கூடாது என்று ஜன்னலில் இருந்த என் சும்மாட்டிடம் சொன்னேன்.

வந்து நின்றாள். மூச்சு என் பிடரியில் பட்டது. நான் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"மாஸ்டருங், இந்தக் கம்பிக்குச் சொல்றேன். எந்திரிக்கைல முட்டி ரெண்டும் உள்ள போயி முட்டிக்குது. வெளிய தள்ளோணுமுங்."

"கரெக்ட், சின்னம்மா!" என்றார் மாஸ்டர்.

முட்டியை வெளியே தள்ளினேன். சுலபமாகத்தான் இருந்தது. அதனால் கோபம் அதிகமாயிற்று.

ஏப்ரல் 2, புதன்

பலகையை எடுத்துவிட்டார்கள். கீழே ஒன்றும் இல்லை.

மாஸ்டர் சொன்னார்: "எந்திரிக்கும்போது கோவம் வர்ற மாதிரி ஏதாச்சும் நெனைச்சுக்குங்க பெரீம்மா. பலம் வரும்."

இதைச் சொல்ல எனக்கு ஒரு ஆள் வேண்டுமா? முதல் தடவை, சிலேட்டைப் பிடுங்கின வாத்தியார். இரண்டாவது, என் கல்யாணத்தில் தாலிக்கொடி எடை குறைவு என்று காதைக் கடித்த பெரிய நங்கையா, என் வீட்டுக்காரரின் அக்கா. மூன்றாவது, கோவில் வாசலில் என் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனவள். அவள் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்தேன். அடுத்த வாரம் அவள் வீட்டு வாசலிலும் பார்த்தேன். நான்காவது தடவைக்கு ஆளைத் தேட வேண்டியதே இல்லை. பின்னாலேயே நிற்கிறாள்.

ராக்கெட் மாதிரி எழுகிறேன் என்கிறார் மாஸ்டர். ஆனால் பாதி வரைக்கும்தான் இறங்குகிறேனாம். கோபம் எழுவதற்கு நன்றாக உதவுகிறது. இறங்குவதற்கு உதவ மாட்டேன் என்கிறது. தரை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. கொப்பரை வாசத்தில் மூச்சும் ஓடவில்லை. அதுதான் காரணம்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைக்கனி. கந்தவேல் குடும்பத்தோடு வந்தான். ஓசூர் வீட்டில் எனக்கென்று ஓர் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்றாம். போட்டோ காட்டினான். ஜன்னலுக்கு வெளியே வானம்தான் தெரிகிறது. வானத்தோடு எனக்கு ஒரு தகராறும் இல்லை.

மே 9, வெள்ளி

மாஸ்டர் புதுத் தராசு வாங்கியிருக்கிறார். ஏறச் சொன்னார். எழுபத்து நாலு.

இறங்கித் திரும்பினால் தோளுக்குப் பின்னால் மயிலாத்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு எண்ணைப் படிக்கிறாள்.

"மாஸ்டருங், எழுபத்து நாலா, எழுபத்து ஏழா? கண்ணாடி கொண்டாரல."

"நாலு, சின்னம்மா."

"ம்ம். நல்லாத் தெரிஞ்சுக்கிட்டாச் செரி."

அப்புறம் போய்த் தன் கம்பியில் எத்தனை கிலோ இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாள். நாற்பது. உதட்டைப் பிதுக்கினாள். என் உடம்பைக் கேலி செய்ய மயிலாத்தாளுக்கு இந்தத் தராசு வந்து சேர்ந்திருக்கிறது. ஆனை என்றவள் இப்போது ஆனைக்கு எடையும் போட்டுப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து சுவரிடம் கொஞ்சம் பேசினேன்.

ஜூன் 11, புதன்

சாரல் பிடித்துக்கொண்டது. ஜிம்மில் கூரை ஒழுகுகிறது.

நான் இறங்குவது போதவில்லை என்று மாஸ்டர் தொணதொணக்கிறார். இடுப்பு மடிப்பு முட்டிக்குக் கீழே வர வேண்டும், அதுதான் முறை. வருகிறது என்றேன். சேலையில் தெரியவில்லை என்றார். தெரியாததற்கு நான் என்ன செய்வது?

பின்னால் இருந்து குரல் வந்தது.

"இந்தக் கம்பிக்குச் சொல்றேன். சேலை போவுது கீழ. ஆளு போவுல."

மாஸ்டர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

ஜூன் 13, வெள்ளி

பேத்தி விட்டுப்போன டிராக் பேண்ட், மேலே என் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை. ஜிம் வரைக்கும் மேலே சேலையைச் சுற்றிக்கொண்டு போனேன். மயிலாத்தாளும் பேண்ட் போட்டிருக்கிறாள். பார்த்தீர்களா, காப்பி.

மாஸ்டர் செல்போனில் படம் எடுத்துக் காட்டினார். அதில் ஒரு கிழவி கம்பியோடு பாதி இறங்கி, பேருந்தில் இடம் கிடைக்காதவள் மாதிரி யோசித்துவிட்டு எழுந்துவிடுகிறாள். செல்போன் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

பிளாஸ்டிக் குழாயோடு என்றால் தரை தொடுகிற மட்டும் போகிறேன். கம்பி ஏறினால்தான் நிற்கிறது. இதை மாஸ்டரிடம் சொல்லவில்லை.

ஜூலை 3, வியாழன்

சுதந்திர தினத்தன்று ஜிம்முக்கு ஆண்டு விழாவாம். மேடை போட்டுப் போட்டி. மூன்று நடுவர்கள். சரியாகச் செய்தால் வெள்ளைக்கொடி, இல்லையென்றால் சிவப்புக்கொடி. மூன்றில் இரண்டு வெள்ளை வந்தால் பாஸ். ஆளுக்கு மூன்று சான்ஸ்.

மாஸ்டர் என்னைக் கேட்காமல் பேரைக் கொடுத்துவிட்டார். முப்பது கிலோ. நோட்டீசில் "தெய்வாத்தாள் அம்மாள் (71)" என்று போட்டிருக்கிறார்கள். மயிலாத்தாள் டெட்லிஃப்டுக்குப் பேர் கொடுத்திருக்கிறாள். அவள் பேர் என் பேருக்குக் கீழே. அது முறைதான்.

கந்தவேல் போனில் சொன்னான்: "நல்லதாப் போச்சும்மா. நான் தனியா என்னத்தப் பாக்கறது? அந்த மேடையிலயே காட்டுங்க. வெள்ளைக்கொடி வாங்குனீங்கன்னா அதுக்கப்பறம் நான் வாயத் தெறக்கறதில்ல."

"செவப்பு வந்தா?"

"செவப்பு வந்தா, சாயங்காலமே கெளம்பறோம்."

கூப்பிட்டுப் பேசின என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். செருப்பும் ஒருத்தி போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

ஜிம் லீவு. மாஸ்டர் நேற்றுச் சொன்னது மண்டையில் குடைகிறது.

"பெரீம்மா, உங்க காலு நல்லாருக்குது. முட்டி, மூச்சு எல்லாம் நல்லாருக்குது. பின்னால நிக்கற ஆளை நம்போணும். நம்புனாத்தான் கீழ போவும்."

"நம்பறதுக்கு வேற ஆளக் கொண்டா."

நான் அவளைக் கடைசியாக நம்பினது எப்போது என்று மாஸ்டருக்குத் தெரியாது. தை மாதம். சுவரைச் சொம்பால் தட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு. சுவரிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை, தட்டினேன். உடனே வந்தாள். கையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை. அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். அவளும் வழுக்கி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஈரத்தில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். பேசவில்லை. பேச்சுத்தான் கிடையாதே. அப்புறம் சுவரைப் பிடித்து எழுந்து வெளியே ஓடினாள்.

பால்காரன் ஈசுவரனைக் கூட்டிவந்தாள். எதிரே மளிகைக்கடை ஆளையும். ரெண்டு ஆளு. சரியாக ரெண்டு ஆளு. நான் ஈரப் பாவாடையில்.

முப்பத்திரண்டு வருடம் முன்னால் பந்தியில் சொன்னதைச் செய்து காட்டிவிட்டாள். இதை எழுத மாட்டேன் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன். எழுதிவிட்டேன். போகட்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

முப்பது கிலோ. பாதிதான். மயிலாத்தாள் எழுபது தூக்கிவிட்டாள். உள்ளங்கை உரிந்து ரத்தம். மஞ்சள் வைத்துக்கொண்டு மறுபடியும் தூக்கினாள்.

"எதுக்கு சின்னம்மா இத்தன அவசரம்? அடுத்த வருசம் பாத்துக்கலாம்," என்றார் மாஸ்டர்.

"அடுத்த வருசம் வரைக்கும் எல்லாரும் உளுகாம இருப்பாங்களாக்கும்?" என்றாள்.

யாரைச் சொல்கிறாள் என்று தெரியவில்லை. தெருவில் விழுகிற ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கந்தவேல் வந்துவிட்டான். காரில் பெரிய பெட்டி ஒன்று காலியாகக் கொண்டுவந்திருக்கிறான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தெருவை அடைத்துப் பந்தல். மேடைக்கு முன்னால் நாற்காலி. முதல் வரிசையில் கந்தவேல், அவனுக்கு இரண்டு தள்ளி பால்காரன் ஈசுவரன். அவன் எதற்கு வந்தான்? சட்டைப் பையில் தேசியக்கொடி குத்திக்கொண்டு சிரிக்கிறான்.

முதலிலேயே ஒரு தகராறு. கம்பிக்குப் பின்னால் நிற்க விழாக்காரர்கள் ஒரு தடியனை விட்டார்கள். நான் மேடை ஏற மாட்டேன் என்றேன். மைக்கில் பேர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் மாஸ்டர் போய் நடுவர்களிடம் ஏதோ பேசினார். இரண்டு ஓரத்திலும் பையன்கள் நிற்கலாம், பின்னால் மயிலாத்தாள் என்று ஆயிற்று.

முதல் சான்ஸ். மூச்சை இழுத்தேன், இறங்கினேன், எழுந்தேன். மூன்றும் சிவப்பு. கூட்டத்தில் யாரோ "பாட்டிக்குப் போடுங்கய்யா" என்று கத்தினான். எனக்கு எவன் சிபாரிசும் வேண்டாம்.

இரண்டாவது சான்ஸ். கொஞ்சம் கூடவே போனேன் என்றுதான் நினைத்தேன். இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை. அந்த வெள்ளை காட்டினவர் ரிட்டையர் ஆன டிரில் மாஸ்டர். பாவம் பார்த்திருக்கிறார். பாவம் பார்க்கிறவர்களையும் நான் மறப்பதில்லை.

கந்தவேல் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. அதையும் எழுத வேண்டும்.

மூன்றாவது சான்ஸ். கம்பிக்கு அடியில் போய் முதுகில் ஏற்றிக்கொண்டு இரண்டு எட்டு பின்னால் வைத்தேன். விரலைத் திருப்பினேன். நெஞ்சை நிமிர்த்தினேன். நடுவர் இன்னும் கை காட்டவில்லை. பிடரியில் அந்த மூச்சு. அப்போது சொன்னாள், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி:

"இந்தக் கம்பிக்குச் சொல்றேன். அன்னிக்கி எனக்குப் பலம் பத்துல. அதுனாலதான் ஆளக் கூப்ட்டேன். இந்தவாட்டி ஒருத்தனையும் கூப்பிட மாட்டேன். உளுந்தா நானே தூக்கிக்குவேன்."

நடுவர் கையை இறக்கினார்.

நான் யாரையும் நினைக்கவில்லை. வாத்தியாரையோ செருப்புக்காரியையோ தேடவில்லை. இறங்கினேன். பாதியில் எப்போதும் நிற்கிற இடம் வந்தது. அது பாட்டுக்குத் தாண்டிப் போயிற்று. தொடை வயிற்றில் பட்டது. அங்கே கீழே ஒரு நொடி நன்றாகத்தான் இருந்தது. பின்னால் அவள் முட்டியும் என்னோடு மடிந்து இறங்கியது தெரிந்தது.

எழுவதற்கு மட்டும் அந்தப் பதினாறாம் நாள் பந்தியை நினைத்துக்கொண்டேன். பழக்கத்தை விட முடியவில்லை.

மூன்று வெள்ளை.

ஈசுவரன் விசில் அடித்தான். கந்தவேல் எழுந்து நின்றான், உட்கார்ந்தான், மறுபடியும் எழுந்தான். நான் மேடையில் நின்று ஒவ்வொரு கொடியையும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

சாயங்காலம் டெட்லிஃப்ட். மயிலாத்தாள் முதல் சான்சிலேயே எழுபத்தைந்து போடச் சொன்னாள். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். எழுபதுக்கு மேல் அவள் தூக்கினதே இல்லை. குனிந்தாள். கம்பி முதலில் அசையவில்லை. முகம் கத்தரிக்காய் மாதிரி ஆயிற்று. அப்புறம் தரையை விட்டுக் கிளம்பியது, முட்டியைத் தாண்டியது, நிமிர்ந்தாள். மூன்று வெள்ளை.

மைக்கைப் பிடித்திருந்த மாஸ்டர் அதை அணைக்க மறந்துவிட்டார்.

"சின்னம்மா! இன்னும் ரெண்டு சான்ஸ் இருக்குது. எண்பது போடறேன்!"

"எதுக்குங்? எனக்கு வேண்டியது எழுபத்து நாலு. ஈரப் பாவாடைக்கு ஒரு கிலோ சேத்திக்கிட்டேன். ஆச்சு."

கூட்டம் ஒன்றும் புரியாமல் சிரித்தது. ஈசுவரன் சிரிக்கவில்லை. கந்தவேல் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். தராசு எழுபத்து நாலு காட்டினதை நானே அவனிடம் போனில் புலம்பியிருக்கிறேன்.

நான் பந்தலில் கட்டியிருந்த தோரணத்தைப் பார்த்தேன். நன்றாகக் கட்டியிருந்தார்கள்.

ஆகஸ்ட் 16, சனி

கந்தவேல் காலிப் பெட்டியைக் காலியாகவே எடுத்துக்கொண்டு போனான். கிளம்பும் முன் மேற்குப் பாதிக்குப் போய் ரொம்ப நேரம் பேசிவிட்டு வந்தான். என்ன பேசினான் என்று கேட்கவில்லை. சுவருக்குக் காது கொடுத்தேன், சரியாகக் கேட்கவில்லை.

ஈசுவரனிடம் பால் போடச் சொல்லிவிட்டேன். வரக்காப்பி வயிற்றுக்கு ஆகவில்லை. வேறு காரணம் இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. காலையில் ஜிம்மில் தராசு ஏறினேன். எழுபத்தைந்தரை. விழா முடிந்ததிலிருந்து தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் கூப்பிட்டுப் பலகாரம் கொடுக்கிறார்கள், நான் என்ன செய்வது?

மயிலாத்தாள் கண்ணாடியோடு வந்திருந்தாள்.

"இந்தத் தராசுக்குச் சொல்றேன். எனக்கும் வயசாவுதுன்னு நெனப்பிருந்தாச் செரி."

மத்தியானம் கொழுக்கட்டை பிடித்தேன். தேங்காய்ப் பூரணம், நல்ல வெல்லம். பிள்ளையாருக்கு வைத்தது போக, தட்டு நிறைய மிச்சம். இரண்டு சாப்பிட்டேன். மூன்றாவதைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

மிச்சத் தட்டைக் கொல்லைச் சுவரின் மேல் வைத்து, "இந்தச் சுவத்துக்குச் சொல்றேன், ஆறிப் போவுது" என்றேன். தட்டு போயிற்று. கொஞ்ச நேரத்தில் கழுவித் திரும்பி வந்தது. உப்புக் குறைவாம். கொழுக்கட்டைக்கு உப்பு! இதையும் மறக்கப் போவதில்லை.

அவளோடு பேச்சில்லை. அது அப்படியே இருக்கிறது. ஆனால் இனிமேல் எழுபத்து நாலைத் தாண்டக் கூடாது. பாவாடைக்கு ஒரு கிலோ விட்டுவைக்க வேண்டும்.